மாட்டுப்பட்டியின் மணல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி மூணாற்றை அடைந்து, அங்கிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்றால் மாட்டுப்பட்டி நம் கண்முன் விரிகின்றது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், தேயிலையின் இளம்பச்சைக்கும் சோலைக்காட்டின் கரும்பச்சைக்கும் நடுவே, நீண்டதொரு நீர்ப்பரப்பைத் தாங்கி நிற்கும் சிற்றூர் இது. பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடத்திற்குரிய பெயராதலின், ஊர்ப்பெயரின் பொருள் தமிழர்க்கு உடனே விளங்கும். 1963ஆம் ஆண்டில் இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் கூட்டுறவால் இங்குக் கால்நடைத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. சுவிஸ் நாட்டுக் காளைகளையும் கேரள நாட்டுப் பசுக்களையும் இணைத்து உருவான 'சுனந்தினி' என்னும் மாட்டினம் அத்திட்டத்தின் பயனே. ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது எனலாம்.

இம்மலைப்பகுதி நமக்கு அயல்நாடன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் அழைத்துவந்த மக்களே இங்குக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்ற நம் முன்னோர் எந்த வறுமையால் கப்பலேறினரோ, அதே வறுமையால் இவர்கள் மலையேறினர். இன்றும் மூணாற்றுக் கடைத்தெருவிலும் தோட்டத்து 'லயங்க'ளிலும் தமிழே பெரிதும் ஒலிக்கின்றது. ஆதலால் இவ்வூரைப் பற்றி எழுதுவது உறவினர் வீட்டைப் பற்றி எழுதுவதையே ஒக்கும்.

மாட்டுப்பட்டிக்கு வருவோர் படகேறி மகிழ்வர். அணைக்கு அப்பாலுள்ள எதிரொலி முனையில் நின்று தம் பெயரைக் கூவி, மலை அதனைத் திருப்பிச் சொல்வது கேட்டு வியப்பர். இவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இத்திங்கள் நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புவது, எவரும் குனிந்து பாராத ஒன்றினிடம். அது நீர்க்கரையில் கிடக்கும் மணல்.

கோடையில் நீர்மட்டம் தாழும்பொழுது, ஓடைகள் வந்து கலக்கும் இடங்களில் மணற்பரப்பு வெளிப்படும். அதில் ஒரு பிடியை அள்ளி வெள்ளைத் தாளில் தூவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி வழியே நோக்கினால், மணல் என்பது ஒரே பொருளன்று என்பது தெரியவரும். உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் விளிம்பு கூர்ந்து நிற்பவை குவார்ட்சு என்னும் படிகக்கல்லின் மணிகள். இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் தட்டையான முகங்களோடு காண்பவை பெல்ஸ்பார். வெயிலில் மினுக்கும் மெல்லிய தகடுகள், நம் சிறுவர் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடும் அப்பிரகம். மூணாற்றைச் சூழ்ந்த மலைகள் கருங்கல்லாலும் வரிப்பாறையாலும் ஆனவை. பல்லாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அப்பாறைகளை நெகிழச் செய்ய, அவற்றின் உறுப்புகள் தனித்தனியே பிரிந்து வீழ்கின்றன. இம்மணல் தாய்ப்பாறையை விட்டு நெடுந்தொலைவு செல்லவில்லை. அதனால் அதன் முனைகள் இன்னும் மழுங்கவில்லை.

இதனைத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்தில் செந்நிறக் குன்றுகளாகக் கிடக்கும் தேரி, காற்றால் அள்ளிக் குவிக்கப்பெற்றது. ஆற்றில் உருளும் சிறுமணிகளுக்கு நீரே மெத்தைபோல் உதவுவதால், அவை ஒன்றோடொன்று மெல்லவே மோதும். அவற்றின் முனை மழுங்க நெடுங்காலம் செல்லும். காற்றில் பறந்து வீழும் மணிக்கு அத்தகைய மெத்தை இல்லை. ஹாலந்து நாட்டு நிலவியல் அறிஞர் கியூனன், 1960ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட சோதனைகளில், குவார்ட்சு மணிகளைத் தேய்ப்பதில் காற்று ஆற்றைவிடப் பன்மடங்கு வலியது என்று காட்டினார். ஆகவே மணியின் வடிவம் அது வந்த வழியைச் சொல்லும் சான்றாகும். தேரிக்காட்டில் ஏறுவோர் ஓரடி வைத்தால் அரையடி சறுக்குவர். மலையோடையின் கோணல் மணலோ காலடியில் நறநறவென்று ஒலித்துக் காலைத் தாங்கும்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, அடுக்களையே போதும். ஒரு தட்டில் கடுகைக் கொட்டுங்கள். அருகே அதேயளவு அரிசிக் குருணையைக் கொட்டுங்கள். கடுகு தாழ்ந்து பரவும். தட்டைச் சற்றே சாய்த்தாலும் உருண்டோடும். குருணையோ கூம்பாய் உயர்ந்து நிற்கும். கடுகுமணி உருண்டையாதலால் அடுத்ததனை ஒரு புள்ளியிலேயே தொடுகின்றது. தள்ளினால் உருள்வதற்குத் தடையில்லை. குருணையின் மணிகள் முகத்தோடு முகமும், விளிம்போடு முகமுமாகப் பொருந்துகின்றன. ஒன்று புரள வேண்டுமாயின் அடுத்ததன் மேல் ஏறியே புரளவேண்டும். குவியலின் வலிமை மணிக்குள் இல்லை. மணியும் மணியும் தொடும் இடத்தில் உள்ளது.

இவ்வுண்மையைக் கணக்கில் கொணர்ந்தவர் பலர். பிரான்சு நாட்டுப் படைப்பொறியாளர் கூலோம், 1773ஆம் ஆண்டில் தம் நாட்டு அறிவியற் கழகத்தின் முன் அளித்த கட்டுரையில், மண் சரியாது நிற்பதற்கு உராய்வும் ஒட்டுமையும் காரணம் என்று வகுத்துரைத்தார். 1882இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்சு, இரண்டு உருண்டைகள் அழுந்தித் தொடும்போது தொடும் புள்ளி ஒரு சிறு வட்டமாக விரிவதைக் கணக்கிட்டார். அழுத்தத்தை எட்டு மடங்காக்கினால் அவ்வட்டத்தின் அகலம் இரு மடங்கே ஆகும். கூர்முனை உள்ள மணியில் கதை வேறு. அங்குத் தொடும் இடம் ஊசிமுனைபோல் சிறிதாகையால் சுமை முழுவதும் அம்முனையில் குவியும், முனை நொறுங்கும், நொறுங்கிய இடம் அகன்ற பின்னரே மணி உறுதியாக அமரும். புதிதாகக் கொட்டிய கோணல் மணல் முதற்சுமையில் சற்றே தாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். இறுகிய பின்னரோ அதன் பிடி பெரிது. உருண்டு ஒரே அளவினதாயுள்ள மணல் தளர்ந்து கிடக்கையில் அதன் உராய்வுக்கோணம் ஏறத்தாழ 28 பாகை. கோணல் முனைகளோடு பெரிதும் சிறிதுமாகக் கலந்து இறுகிய மணலில் அது 45 பாகை வரையும் உயரக்கூடும்.

1957இல் பிரான்சைச் சேர்ந்த தாந்து என்பார், மணிகளுக்குப் பதிலாகக் கண்ணாடி உருளைகளை அடுக்கி அழுத்தி, சிறப்பு ஒளியில் நோக்கினார். சுமை எல்லா உருளைகளிலும் ஒரே சீராகப் பரவவில்லை. சில மணிகள் சங்கிலிபோல் வரிசையாக நின்று பெருஞ்சுமையைத் தாங்க, அவற்றின் அருகே பல மணிகள் சுமையின்றிச் சும்மா இருந்தன. ஒரு சங்கிலி முறிந்தால் சுமை வேறு வழி தேடும். தேடும் வழியெல்லாம் முறிந்தால் குவியல் முழுவதும் நகரும். மணலைக் கயிறாகத் திரிப்பது நடவாத செயலுக்கு நாம் கூறும் உவமை. மணலுக்குள்ளே சுமை தனக்குத்தானே கயிறு திரித்துக்கொள்வதை இச்சோதனை காட்டிற்று. இன்று கணிப்பொறியில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே படைத்து, அவை தொடுவதையும் விலகுவதையும் பின்தொடரும் முறை வழக்கில் உள்ளது. 1979இல் கண்டால், ஸ்ட்ராக் என்னும் இருவர் அதனை நிலைநாட்டினர். வடிவம் சற்று மாறினும் குவியலின் நடத்தை மாறுவதை அம்முறையால் காணலாம்.

இனி, மாட்டுப்பட்டி அணையை நோக்குவோம். 1950களில் எழுந்த இக்கற்காரை அணை ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுடையது. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திற்கு நீரைச் சேமித்து அளிப்பது இதன் பணி. வளைவின் துணையின்றித் தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கும் வகையைச் சார்ந்தது. அதாவது, பாறைமேல் அணை அழுந்தித் தொடும் அத்தொடர்பே அதன் உயிர்நிலை. அடியில் நீர் கசிந்து புகுந்தால் அது அணையை மேல்நோக்கித் தூக்கும், அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் குறையும். எனவேதான் இத்தகைய அணைகளுக்குள் கசிவுநீரை வடிக்கத் துளைகளும் சுரங்க வழிகளும் அமைப்பது வழக்கம். தொடும் இடத்தில் நீரைத் தங்கவிடலாகாது என்பதே பொறியாளரின் முதற்பாடம்.

அந்தப் பாடம் அணைக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியரான டெர்சாகி, இஸ்தான்பூலில் ஆசிரியப் பணி செய்த காலத்தில் ஆராய்ந்து, 1925இல் வெளியிட்ட நூலால் மண்ணியக்கவியல் என்னும் துறைக்கு அடிகோலினார். அவர் கண்ட உண்மை எளியது. ஈரமண்ணின் மேலுள்ள சுமையை மணிகளும் அவற்றின் இடைநீரும் பங்கிட்டுக்கொள்கின்றன. நீருக்கு உராய்வு இல்லை. நீர் எவ்வளவு சுமையை ஏற்கின்றதோ, அவ்வளவுக்கு மணிகளின் தொடர்பு தளர்கின்றது.

சிறிதளவு ஈரம் மண்ணைப் பிடித்து நிறுத்தும். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீடு நிற்பது, மணிகளுக்கிடையே உள்ள நுண்ணிய நீர்ப்பாலங்களால்தான். இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் அப்பாலங்கள் மறையும். மணல் நெருங்கி இறுகியிருந்தால் அசையும்போது விரிந்து கொடுக்கும். நனைந்த கடற்கரையில் கால் வைக்கும்போது சுற்றிலும் மணல் உலர்ந்தாற்போல் வெளுப்பது இதனால் என்று 1885இல் ரெனால்ட்சு விளக்கினார். தளர்ந்து கிடக்கும் மண்ணோ அசையும்போது சுருங்கும். வெளியேற வழியற்ற இடைநீர் சுமை முழுவதையும் தன்மேல் ஏற்கும். அந்நிலையில் மணி கோணலாயினும் உருண்டையாயினும் ஒன்றே. தொடாத முனை எவ்வளவு கூரியதாயினும் பிடிக்காது. சற்றுமுன் மலையாக நின்றது, கூழாக ஓடும்.

மூணாற்று மக்கள் இதனை நூலில் படித்தறிந்தவரல்லர். 1902இல் இப்பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பெற்று, மாட்டுப்பட்டி வழியே டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையும் அதனால் நேர்ந்த வெள்ளமும் மண்சரிவும் அந்த இருப்புப்பாதையை அழித்தன. அதன்பின் அது மீண்டும் எழவே இல்லை. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று மலையாள நாட்டார் இன்றும் கூறுவர்.

தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்தது. அன்று 24 மணி நேரத்தில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளரின் லயங்கள் நான்கு மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். பெரியவரைப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தமையால் மீட்கச் சென்றோரின் வழியும் தடைப்பட்டது. மாண்டவருள் மிகப் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தை வேராகக் கொண்ட தமிழர். தேரிமண் மாவட்டத்திலிருந்து வந்தவர் மலைமண்ணில் அடங்கினர். பிழைத்த குடும்பங்கள் சிலவற்றுக்குப் பின்னர்க் குற்றியாற்றுப் பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பெற்றது.

மலைச்சரிவின் மண் வெறும் மணலன்று. வண்டலும் களியும் பாறைத்துண்டும் கலந்தது. மணியின் வடிவம் ஒன்றே மலையைக் காக்கும் என்றோ கெடுக்கும் என்றோ நாம் கூறவில்லை. சரிவின் செங்குத்து, பாறைமேல் மண்ணின் கனம், மரவேர்களின் பிடிப்பு, நீர் வடியும் வழி ஆகிய யாவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆயினும் இவை அனைத்தும் இறுதியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன: மணியும் மணியும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, இல்லையா? இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் லயங்கள் புதையுண்டபோதும் இதே கேள்விக்கு மழை விடை கூறிற்று. அங்கு மாண்டவரும் நம்மவரே.

மழையை நிறுத்த நம்மால் இயலாது. மழையின் வழியில் குடியிருப்பைக் கட்டாதிருக்க இயலும். தோட்டங்கள் தோன்றிய நாளில், தண்ணீர் கிட்டும் என்றும் வேலைக்கு அண்மை என்றும் கருதி, ஓடையோரப் பள்ளங்களில் லயங்கள் பல கட்டப்பெற்றன. மலையின் குழிவுகள் நீர் வந்து கூடும் இடங்கள். அங்கேதான் மண் தடித்துக் கிடக்கும். அங்கேதான் இடைநீரும் முதலில் நிறையும். எங்கே வீடு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அத்தொழிலாளர்க்கு என்றும் இருந்ததில்லை. ஆகவே இவ்வழிவுகளை வானத்தின் சீற்றம் என்று மட்டும் கூறி அமைதல் தகாது.

மலைத்தோட்டங்களில் உறவினரை உடையோர் அவர்களோடு பேசும்போது சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். வீட்டின் மேற்புறச் சரிவில் புதிய வெடிப்பு உண்டா? மரமும் மின்கம்பமும் சாய்ந்து வருகின்றனவா? கதவு முன்போல் மூடாது இறுகுகின்றதா? தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கியதா, அன்றி ஓடைநீர் மழை பெய்யும்போதே குறைந்ததா? இவற்றுள் ஒன்று தோன்றினும், பெருமழை இரவை அவ்வீட்டில் கழிக்கலாகாது. பள்ளிக்கூடமோ கோவிலோ, சரிவுக்கு விலகியதோர் இடத்திற்குப் பகலிலேயே சென்றுவிடல் வேண்டும்.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். ஆறுகளைக் காக்க வேண்டிக் கேரள அரசு 2001இல் ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டிலும் நல்ல ஆற்றுமணல் அரிதாகிவிட்டது. எனவே பாறையை உடைத்துச் செய்யும் 'எம்-சாண்ட்' பெருகி வழங்குகின்றது. இந்தியத் தர நிறுவனமும் 2016இல் திருத்திய தன் விதிகளில் அதற்கு இடமளித்துள்ளது. அது தீயதன்று, ஆனால் அதன் மணி வடிவத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும். கல்லைக் கல்லோடு மோதவிட்டு உடைக்கும் பொறியிலிருந்து வரும் மணி, ஏறத்தாழக் கனசதுரமாய் அமைந்து சிமெண்டோடு நன்கு பிணையும். வெறும் கிரஷர் தூளில் தகடுபோலும் ஊசிபோலும் உள்ள சில்லுகள் மிகும். அவை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்து இடைவெளி விடும், கலவை இழையாது. இழையாத கலவையைக் கண்ட கொத்தனார் உடனே செய்வது இன்னும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவதே. வேலை அப்போது எளிதாகும். உலர்ந்தபின் அந்நீர் இருந்த இடமெல்லாம் நுண்துளையாகி, சுவர் வலுவிழக்கும். மலையில் நீர் தொடர்பைத் தளர்த்துவது ஒருவகை, கலவையில் துளை விடுவது வேறுவகை. அளவு மிஞ்சிய நீர் இரண்டுக்கும் பகை.

சோதனையும் எளிதே. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மீதி நீருமாக இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாது வையுங்கள். மேலே படியும் தூள் தடித்திருந்தால் அம்மணலை வாங்கவேண்டா. கீழே படிந்ததில் சிறிது எடுத்து உலர்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தகடும் ஊசியும் மிகுந்தால் திருப்பி அனுப்புங்கள். தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர், இச்சோதனையைச் செய்து படம் எடுத்தனுப்புமாறு ஊரிலுள்ள தம்பியையோ மைத்துனரையோ கேட்கலாம். மலைச்சரிவில் மனை வாங்கியோர், அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டுமுன், வெட்டிய மண் எந்தச் சாய்வில் தானாக நிற்கும் என்பதையும், பின்னால் வரும் நீர் எவ்வழியே வடியும் என்பதையும் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிதல் கடன்.

விடுமுறையில் மாட்டுப்பட்டி செல்லும் அன்பர்கள் படகேறுக. எதிரொலியும் கேட்டு மகிழ்க. கூடவே பிள்ளைகளிடம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, கரையோர மணலைக் காட்டுக. மூணாற்றுக்குத் திரும்புகையில், சாலையின் இருமருங்கும் உள்ள லயங்கள் மலையின் முதுகில் நிற்கின்றனவா, மடுவில் நிற்கின்றனவா என்று பார்த்து வருக. மடுவில் நிற்பவை இன்னும் உள. அவற்றில் குடியிருப்போர்க்கு அடுத்த பெருமழைக்கு முன் வேறிடத்தில் வீடு அமையவேண்டும் என்பதைத் தோட்ட உரிமையாளரிடமும் அரசினரிடமும் இடையறாது சொல்லும் கடமை, அவர்தம் உறவினராகிய நமக்கும் உண்டு.